சவரன் வாங்கும் கவனம் செலாவணியிலும் வேண்டும்
விமான நிலையத்திலிருந்து விடுதி வரை: ஒரு பாடம்

கோலார் தங்கவயலில் தங்கத்தை அறியாதவர் எவருமிலர். ஆயினும், தங்கத்தை அளக்க நாம் நாள்தோறும் வழங்கும் ‘சவரன்’, ‘பவுன்’ என்னும் இரு சொற்களும் அயல்நாட்டு நாணயத்தின் பெயர்களே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் ‘சாவரின்’ என்ற பொன் நாணயத்தின் மதிப்பு ஒரு பவுண்டு. எடை ஏறத்தாழ 7.99 கிராம். அதனால்தான் ஒரு சவரன் 8 கிராம் என்று நாம் கணக்கிடுகிறோம். 1899ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இந்த நாணயத்தை 15 ரூபாய்க்கு ஈடாக இந்தியாவில் செல்லுபடியாக்கியது. அக்காலத்தில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இங்கு எடுக்கப்பட்ட தங்கம் கப்பலேறி லண்டனுக்குச் சென்றது. அங்கே பவுண்டில் விலைபோனது. சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கோ கூலி ரூபாயில் அளிக்கப்பட்டது. இரு நாணயங்களுக்கு இடையே என்ன நிகழ்கிறது என்பது ஆக இவ்வூருக்குப் புதிய செய்தியன்று.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூர்ப் பிள்ளைகள் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர்களாயினர். அவர்களுள் சிலர் கடல் கடந்தும் சென்றனர். மகளையோ மகனையோ பேரக்குழந்தையையோ காண்பதற்காக, ஓய்வூதியத்திலும் சேமிப்பிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையுடன் முதன்முறையாக விமானம் ஏறும் பெற்றோர் பலர். அத்தொகையில் ஒரு பங்கு, அயல்நாட்டு விமான நிலையத்தின் வாயிலுக்கும் விடுதியின் முகப்புக்கும் இடையிலேயே கரைந்துபோகக் கூடும். களைப்பும் அவசரமும் மிகுந்த அந்த இரண்டு மணி நேரத்தில் எதைக் கேட்பது, எதை மறுப்பது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நகைக்கடையில் கேட்கும் மூன்று கேள்விகள்

நகை வாங்கும்போது நாம் மூன்றைக் கேட்கிறோம்: இன்றைய விலை என்ன, சேதாரம் எவ்வளவு, செய்கூலியும் வரியும் எவ்வளவு? செலாவணி வாங்கும்போதும் இவையே கேள்விகள்.

செய்தித்தாளிலோ இணையத்திலோ காணும் மாற்று விகிதம் ‘இன்றைய விலை’. வங்கியோ நாணய மாற்று நிலையமோ அவ்விகிதத்துக்கு மேல் வைத்து விற்கும் வேறுபாடு ‘சேதாரம்’. அட்டைக் கட்டணம், பரிமாற்றக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவை ‘செய்கூலியும் வரியும்’. ‘கமிஷன் இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். ‘செய்கூலி இல்லை’ என்று விளம்பரம் செய்யும் கடையில் சேதாரத்தைக் கூர்ந்து பார்ப்போமல்லவா? அதுபோலவே இங்கும் விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய நகையை உருக்கிப் புதிய நகை செய்தால் இருமுறை இழப்பு நேரும். சிங்கப்பூர் செல்பவர் இங்கே ரூபாய் கொடுத்து அமெரிக்க டாலர் வாங்கி, அங்கே அதைக் கொடுத்துச் சிங்கப்பூர் டாலர் வாங்கினால் நிகழ்வது அதுவே. செல்லும் நாட்டின் நாணயம் இங்கேயே கிடைக்குமாயின் அதையே வாங்குக. செலாவணி அட்டையையும் அந்நாட்டு நாணயத்திலேயே நிரப்புக.

புறப்படுவதற்கு முன்

செலாவணியை விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். வேறிடம் நாட முடியாதவரிடம் விற்கப்படுவதால், விமான நிலைய முகப்புகளில் ‘சேதாரம்’ பெரும்பாலும் மிகுதி. பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே கிளையை அணுகுக. கடவுச்சீட்டு, பான் அட்டை, விசா, பயணச்சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்க. ஏ2 படிவத்தை அங்கே நிரப்பலாம்.

நினைவில் கொள்ள வேண்டிய வரம்புகள் சில. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகையை மட்டுமே அயல்நாட்டு நோட்டுகளாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியதை அட்டையிலோ பிற வழிகளிலோ கொண்டுசெல்ல வேண்டும். செலாவணிக்கு ரொக்கமாக ரூபாய் செலுத்துவதற்கு 50,000 ரூபாய் வரை மட்டுமே இடமுண்டு. அதற்கு மேற்பட்டதைக் கணக்கின் வழியாகச் செலுத்த வேண்டும். இந்திய ரூபாய் நோட்டுகளை 25,000 ரூபாய் வரை எடுத்துச் செல்லலாம். திரும்பி வந்து வீடு சேர்வதற்கு அது உதவும்.

நோட்டுகளில் சிறு மதிப்புள்ளவை சிலவற்றைக் கேட்டு வாங்குக. வந்திறங்கியவுடன் தண்ணீர்ப் புட்டிக்கும் பேருந்துக்கும் பெரிய நோட்டை நீட்டுவது இரு தரப்புக்கும் இடர்ப்பாடு. சிங்கப்பூர் டாலர் நோட்டில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழிலும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். இலங்கை, மொரிசியசு நோட்டுகளிலும் தமிழ் உண்டு.

அடுத்து, மிகப் பலர் மறந்துவிடும் ஒன்று. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2020ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் பற்று அட்டைகளும் கடனட்டைகளும் தொடக்கத்தில் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை அட்டைதாரரே செயலியிலோ கிளையிலோ திறந்துகொள்ள வேண்டும். உச்சவரம்பையும் தாமே குறிக்கலாம். இதனைச் செய்யாமல் சென்றவரின் அட்டை விடுதி முகப்பில் மறுக்கப்படும். கணக்கில் பணம் இருந்தும் பயனிராது. வங்கியில் பதிந்த கைப்பேசி எண் வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி பெறுமாறு ரோமிங் வசதியையும் உறுதிசெய்து கொள்க.

வந்திறங்கிய முதல் மணி நேரம்

விமானத்தைவிட்டு இறங்கிய பின் தேவைப்படுபவை இரண்டே: விடுதியின் முழு முகவரி, அங்குச் செல்லும் வழி. முகவரியைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பது நன்று. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தாலும் தாள் தீராது. குடிநுழைவு அதிகாரி கேட்பதும், டாக்சி ஓட்டுநர் கேட்பதும் அதையே.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சாங்கி விமான நிலையத்திலேயே எம்.ஆர்.டி. ரயில் நிலையம் உள்ளது. தமிழர் கடைகளும் விடுதிகளும் நிறைந்த லிட்டில் இந்தியாவுக்குச் செல்பவர் அங்கே ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறினால், மீண்டும் மாறாமல் லிட்டில் இந்தியா நிலையத்திலேயே இறங்கலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணம் இது. தனியே பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை வாயிலில் காட்டினால் போதும். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் சேரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே அட்டையைத்தான் தொட வேண்டும் என்பதை மறவற்க.

ரயில் நள்ளிரவுக்கு முன்னரே நின்றுவிடும். இந்தியாவிலிருந்து செல்லும் விமானங்கள் பல இரவிலோ விடியலிலோ தரையிறங்குவதால், வேளையைப் பார்த்தே வழியைத் தேர்க. சிங்கப்பூர் டாக்சிகள் மீட்டர்படி ஓடுபவை. பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையத்தில் ஏறுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி அளவு மேலும் கூடும். இதனை முன்னரே அறிந்தவர், ஓட்டுநர் ஏமாற்றுகிறார் என்று ஐயுறார்.

கோலாலம்பூரில் விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை விரைவு ரயில் 28 நிமிடங்களில் செல்கிறது. துபாயில் 1, 3ஆம் முனையங்களிலிருந்து மெட்ரோ ரயில் உண்டு. எந்நகரமாயினும் விதி ஒன்றே: அதிகாரபூர்வ டாக்சி வரிசையில் நிற்க, வாயிலில் அணுகி ‘எங்கே போகவேண்டும்?’ என்று கேட்பவரைப் பின்தொடரற்க. மீட்டர் இல்லாத ஊரில், ஏறுமுன் மொத்தத் தொகையையும் அது எந்த நாணயத்தில் என்பதையும் கேட்டு உறுதிசெய்க.

விடுதி முகப்பில் வரும் வினா

விடுதியில் முதலில் கேட்கப்படுவது முன்வைப்புத் தொகை. அது அட்டையில் பிடித்துவைக்கப்படுமேயன்றிச் செலவாகாது. எனினும் விடுவிக்கப்படச் சில நாட்கள் ஆகலாம். பற்று அட்டையையோ செலாவணி அட்டையையோ அதற்குக் கொடுத்தால், கைச்செலவுக்கான பணமே முடங்கும். ஆதலின் முன்வைப்புக்குக் கடனட்டையும், இறுதிக் கட்டணத்துக்குச் செலாவணி அட்டையும் ஏற்றவை.

கட்டணம் செலுத்தும்போது அட்டைக் கருவியின் திரையில் ஒரு வினா தோன்றலாம்: ‘இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா, சிங்கப்பூர் டாலரிலா?’ ரூபாய் என்றதும் நமக்கு மனம் நெகிழும். தொகை உடனே புரிகிறதே என்று தோன்றும். அங்கேதான் இழப்பு. ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விகிதத்தைக் குறிப்பது நம் வங்கியன்று. அக்கடையின் கருவிக்குப் பின்னுள்ள நிறுவனம். அது வைக்கும் ‘சேதாரம்’ பெரும்பாலும் மிகுதி. வாடிக்கையாளரின் சம்மதமின்றி இதனைச் செய்யலாகாது என்பது அட்டை நிறுவனங்களின் விதி. எனவே ‘உள்ளூர் நாணயம்’ என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. முகப்பிலிருப்பவர் கேளாமலே ரூபாயை அழுத்திவிட்டால், கையொப்பமிடாமல் ரத்துசெய்து மீண்டும் பதியுமாறு பணிவுடன் கேட்கலாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். விகிதங்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. விடுதிக் கட்டணம் 600 சிங்கப்பூர் டாலர். சந்தை விகிதம் டாலருக்கு 70 ரூபாய். அதன்படி மதிப்பு 42,000 ரூபாய்.

1. செலாவணி அட்டை: வங்கி விற்ற விகிதம் 71 ரூபாய் எனில் 42,600 ரூபாய். நாணய மாற்றுக்கான ஜி.எஸ்.டி. 76.68 ரூபாய். மொத்தம் 42,676.68 ரூபாய்.

2. கடனட்டை, டாலரில் செலுத்துதல்: 42,000 ரூபாயுடன் 3.5 விழுக்காட்டுக் கட்டணம் 1,470 ரூபாய். அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 264.60 ரூபாய். மொத்தம் 43,734.60 ரூபாய்.

3. அட்டைக் கருவி ரூபாயாக மாற்றித் தருதல்: அது வைத்த விகிதம் 75 ரூபாய் எனில் 45,000 ரூபாய். சில அட்டைகளில் இதன்மீதும் தனிக் கட்டணம் உண்டு.

ஒரே அறை, ஒரே நான்கு இரவுகள். முதலாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் வேறுபாடு 2,323.32 ரூபாய். பேரக்குழந்தைக்கு வாங்க நினைத்த பரிசு அத்தொகையில் அடங்கும்.

பணம் வழங்கும் இயந்திரத்திலும் இதே வினா வரும், விடையும் அதுவே. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் விதிக்கப்படுவதால், சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பதைத் தவிர்க்க.

திரும்பியபின்னும், வருவோருக்கும்

எஞ்சிய செலாவணியை நாடு திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த பயணத்துக்கென 2,000 அமெரிக்க டாலருக்கு ஈடான நோட்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம். நாணயங்களை வங்கிகள் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. ஆதலின் அவற்றை அங்கேயே செலவழித்துவிடுவது நன்று.

வெளிநாட்டிலிருந்து தங்கவயலுக்கு வரும் உறவினர்க்கும் சில குறிப்புகள் பயன்படும். 5,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட நோட்டுகளோ, அனைத்தும் சேர்த்து 10,000 டாலருக்கு மேற்பட்ட செலாவணியோ கொண்டுவருபவர் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில் உள்ளது; அங்கிருந்து ஹொசகோட்டை, கோலார் வழியாகச் சாலைவழி நேரே வரலாம். அல்லது நகரப் பேருந்தில் மெஜஸ்டிக் வந்து, ரயிலில் பங்காருபேட்டையையோ மாரிக்குப்பத்தையோ அடையலாம். வழிச்செலவுக்கு வேண்டிய அளவு மட்டும் விமான நிலையத்தில் மாற்றிக்கொண்டு, எஞ்சியதை வங்கியில் மாற்றுவது ஆதாயம். மாற்றிய சான்றிதழைப் பாதுகாக்க. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளில் வாழும் இந்தியர், தம் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்குடன் அந்நாட்டுக் கைப்பேசி எண்ணை இணைத்து யு.பி.ஐ. வழியாகவும் செலுத்தலாம்.

பயிற்சி

ஒருவருக்கு 400 சிங்கப்பூர் டாலர் தேவை. சந்தை விகிதம் 70 ரூபாய். ஒரு நாணய மாற்று நிலையம் ‘கமிஷன் இல்லை’ என்று கூறி 74 ரூபாய்க்கு விற்கிறது. வங்கி 71 ரூபாய் விகிதமும் 200 ரூபாய் கட்டணமும் கேட்கிறது. வரியை நீக்கிக் கணக்கிட்டால் எது ஆதாயம்?

விடை: நிலையத்தில் 29,600 ரூபாய், வங்கியில் 28,400 ரூபாயுடன் 200 சேர்ந்து 28,600 ரூபாய். கட்டணம் கேட்ட இடத்திலேயே 1,000 ரூபாய் மிச்சம்.

விகிதங்களும் கட்டணங்களும் வரிவிதிப்பும் காலந்தோறும் மாறுபவை. பயணத்துக்கு முன் கிளையில் அன்றைய நிலையைக் கேட்டறிக. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அரைச் சவரன் வாங்கும்போது நாம் தயங்குவதில்லையே.