விரல் நுனியின் விசை

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அருகிலுள்ள முத்தாண்டிக்குப்பம் முந்திரித் தோப்புகள் நிறைந்த ஊர். இப்பகுதியில் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் கைத்திறன் காணத்தக்கது. வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்திச் சிறு கட்டையால் தட்டுவர். தட்டு குறைந்தால் ஓடு பிளவுபடாது. மிகுந்தால் பருப்பு நொறுங்கிவிடும். முழுப் பருப்பின் விலை வேறு, நொறுங்கலின் விலை வேறு. ஆதலின், மிகையாகத் தட்டிய பிழை அப்பொழுதே தெரிந்துவிடுகின்றது.

அவ்வூரிலிருந்து கணினி பயிலச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுடைய விரல்களும் ஓயாமல் தட்டுகின்றன. எவ்வளவு வலிந்து தட்டினாலும் எழுத்து திரையில் ஒழுங்காகவே தோன்றும், எதுவும் நொறுங்குவதில்லை. அப்படியாயின் அந்த மிகை விசை எங்கே போகின்றது?

தட்டச்சுப் பலகையில் உள்ளதையும் விசை என்கிறோம். அதை அழுத்தும் ஆற்றலையும் விசை என்கிறோம். குழப்பம் வாராதிருக்க, முன்னதை இங்கே பொத்தான் என்போம்.

கணினிப் பொத்தானை அழுத்தப் பெரும்பாலும் 0.5 முதல் 0.8 நியூட்டன் விசை போதும். அஃதாவது 50 முதல் 80 கிராம் எடை. பல பொத்தான்களில், அவை அடித்தட்டைத் தொடுமுன்னரே எழுத்து பதிந்துவிடும். விரலோ அவ்விடத்தில் நிற்பதில்லை. பொத்தானோடு கீழே சென்று மோதுகின்றது, நுனிச்சதை நசுங்குகின்றது, விசை உச்சத்தை அடைகின்றது. 1994-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், தட்டச்சர்களின் விரல்கள் தேவையான விசையைப்போல் 2.5 முதல் 3.9 மடங்குவரை செலுத்தியமை அளந்து காட்டப்பெற்றது.

இனி உங்கள் முன்கையை மற்றொரு கையால் பற்றிக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள். உள்ளே ஏதோ நெளிவதை உணர்வீர்கள். விரலை வலிமையாக மடக்கும் தசைகள் விரலில் இல்லை; முன்கையில் உள்ளன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியினூடே ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருங்கிச் செல்லவேண்டும். கதவைக் கீலின் அருகே தள்ளினால் மிகுந்த வலிமை வேண்டும் அன்றோ? நாணும் மூட்டுக்கு மிக அருகிலிருந்தே இழுக்கின்றது. ஆகவே நுனியில் தோன்றும் விசையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு இழுவையை நாண் தாங்குகின்றது. நுனி 200 கிராம் அழுத்தினால் நாணுக்கு 600 கிராம்! இது நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை நிகழ்வது. மணிக்கட்டு வலிக்கு இஃதொன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது; மணிக்கட்டை மடித்து வைத்தலும் ஓய்வின்மையும் அவ்வழியிலுள்ள அழுத்தத்தை மிகுவிப்பன.

வலிந்து அடிக்கும் பழக்கம் முன்பு பிழையாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்துத் தந்தார். அத்தகைய பொறிகளில் இரும்புத் தண்டை எழுப்பி நாடாவில் மோதச் செய்வது விரலின் வலிமையே. மெல்லத் தட்டினால் எழுத்து மங்கும். கடுமையாகத் தட்டினால் தாள் துளைபடும். மேல்வரிசை எழுத்துகளுக்காகப் பொறியின் கனத்த பகுதியொன்றை நகர்த்தும் பணி சுண்டுவிரலுக்கு! விரல்களுள் மெலிந்ததற்கு இவ்வேலையைக் கொடுத்தது, என் கருத்தில், அந்த அமைப்பின் பெருங்குறை.

1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். புள்ளி தானே அமைந்துவிடும். பழைய பொறியில் ஐந்து தட்டுகள் வேண்டும். ஒரு கை உழைக்கையில் மறு கை சற்றே இளைப்பாறுகின்றது. ஆயினும் தட்டின் எண்ணிக்கையைப் பலகை குறைக்கலாமே தவிர, தட்டின் கடுமையை விரல்தான் குறைக்கவேண்டும்.

கிராம் காட்டும் மின் தராசு கிடைத்தால் ஒரு விரலை அதன்மேல் வைத்து, 60 என்று காட்டும்வரை மெல்ல அழுத்துங்கள். பொத்தான் உங்களிடம் கேட்பது அவ்வளவே.