ஏரிக் கரையும் தறிக்குழியும்

கிருஷ்ணகிரிச் சீமை மேட்டு நிலம்; வெள்ளம் என்பது கடலோரத்தார் கவலை என்னும் எண்ணம் நம் அங்கத்தினர் பலரிடம் வேரூன்றியிருந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயல் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரு நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஏக்கர் நிலத்தின்மீது 20 லட்சம் லிட்டர் நீர் விழுந்தது என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளையும் வெள்ளம் அடித்துச் சென்றது.

தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையையும் பின்னர் கிருஷ்ணகிரி அணையையும் அடைகிறது. கர்நாடகத்தில் பெய்த மழை நம்மிடம் வந்து சேர நேரம் பிடிக்கும். அணை திறக்குமுன் கரையோர மக்களுக்கு அறிவிப்பும் வரும். ஆனால், ஊருக்கு மேலேயுள்ள ஏரி உடையுமுன் அறிவிப்பார் யார்? ஓர் ஏரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் அடுத்த ஏரியின்மீது பாயும். ஆகவே ஆற்றைக் காட்டிலும் ஏரியையே நாம் முதலில் கவனித்தல் வேண்டும்.

புரட்டாசி முடியுமுன் சங்கத்தார் சிலர் கூடிக் கரைமீது நடந்து பார்த்தல் நலம். எலி வளை, நண்டு வளை, கரையில் வேரோடிய மரம் ஆகியவற்றைக் குறித்து அதிகாரிகளுக்கு எழுதித் தர வேண்டும். கரையின் வெளிப்புறத்தில் நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீராயின் காவல் வைத்துக் கவனிக்கலாம். கலங்கிய நீராயின் கரையின் மண் உள்ளிருந்து கரைகிறது என்று பொருள். தாழ்ந்த தெருவினர் அப்பொழுதே வெளியேற வேண்டும். இன்னும் கொஞ்சம் நீர் தேங்கட்டும் என்று கலிங்கின்மேல் மண்மூட்டை அடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இது ஊருக்கே குழி தோண்டும் செயல். செய்பவர் நம் அங்கத்தினரேயாயினும் தடுக்கத் தயங்கலாகாது.

நெசவாளருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. வெள்ளம் வாசற்படியைத் தாண்டுமுன்னரே தறிக்குழியில் நீர் ஊறிவிடும். கஞ்சியிட்ட பாவு நனைந்து கிடந்தால் பூசணம் பிடிக்கும், சாயமும் கலங்கும். கனமழை எச்சரிக்கை வந்த அன்றே நெய்த துணியை அறுத்தெடுத்து, பாவை அச்சு, விழுதுகளுடன் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிடுக. பட்டுப்புழு வளர்ப்போர் மழைக்கு முன்னரே இலை பறித்துக்கொள்வது நன்று. ஈர இலை புழுவுக்கு நோய் தரும்.

பாவைத் தூக்கிக் கட்ட இருவராவது வேண்டும். முதியவர் தனித்திருக்கும் வீடுகள் எவை, அங்கு உதவிக்குச் செல்பவர் யார் என்பதை வரும் மாதக் கூட்டத்திலேயே பெயர் சொல்லிப் பதிந்து, சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டி வைப்போமாக.