கைத்துப்பாக்கி பயிலும் தம்பிக்கு



பீடோங் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்து, இன்று காவல்துறைச் சீருடையணிந்து குறிசுடும் வித்தையைச் சிரத்தையோடு அப்பியாசம் செய்துவரும் நீ, வால்தர் பி99 உயர்ந்ததா, கிளாக் 17 உயர்ந்ததா என்று கேட்டிருந்தாய். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் இதே சந்தேகத்தோடு இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றே பதிலைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

இரண்டும் ஸ்ட்ரைக்கர் இனம். வெளியே சுத்தியல் இல்லாமல், சுருள்வில்லின் உந்துதலால் ஊசியே நேராகப் பாய்ந்து தோட்டாவைத் தட்டும். கிளாக்கை ஆஸ்திரிய ராணுவம் 1982இல் ஏற்றது. ஜெர்மனியின் பி99 1997இல் வெளிவந்தது. முன்னதன் குழல் 114 மில்லிமீட்டர், பின்னதன் குழல் 102. இந்த வித்தியாசத்தைக் கண்டு மயங்காதே. கையைத் தாங்கலில் வைத்துச் சுட்டால் 25 மீட்டரில் இரண்டுமே உள்ளங்கையகலத்துக்குள் குண்டுகளைத் திரட்டிவிடும். குறி சிதறுவது பெரும்பாலும் விரலால்தான்.

ஆகவே விரல் இழுக்கும் விசையைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டும். கிளாக்கின் விசை, முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையில் ஒரே தன்மையாக இருப்பதால் விரல் ஒரே பாடத்தைக் கற்றால் போதும். பி99இன் மூல வடிவத்திலோ, ஊசியை வில்லின் இறுக்கம் தளர இறக்கிவைத்திருந்தால் முதல் இழுப்பு நீண்டு கனத்திருக்கும், அடுத்தவை குறுகி இலேசாகிவிடும்; இந்த மாற்றத்தில்தான் பயிற்சி குறைந்தவனின் இரண்டாம் குண்டு தடுமாறுகிறது. பால்மரம் சீவும் உன் தாயார், மரத்தின் உள்சதையைக் காயப்படுத்தாமல் கத்தியை ஒரே அழுத்தத்தில் பட்டையின் மேல் கொண்டுபோவதைப் பார்த்திருப்பாய். விசையையும் அப்படித்தான் இழுக்க வேண்டும்.

பிடியில் பி99 என் மனத்துக்கு உகந்தது. கையின் பருமனுக்கேற்ப முதுகுப்பட்டையை மாற்றிக்கொள்ளும் வசதியை அது தொடக்கத்திலேயே தந்தது. கிளாக்குக்கு அந்த வசதி 2010இல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. கிளாக்கின் பிடி சாய்வு அதிகமாதலால், வேறு துப்பாக்கியில் பழகிய மணிக்கட்டு அதை உயர்த்தும்போது குழல் சற்றே மேல்நோக்கும். ஆனால் அதன் குழல் கைக்கு மிக நெருங்கித் தாழ்ந்திருப்பதால் உதைப்பு குறைவாகவே மேலெழும்பும்.

பாதுகாப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. கிளாக்கைக் கழற்ற விசையை இழுத்தே தீரவேண்டும். தோட்டா உள்ளே இருப்பதைக் கவனியாதவன் கையில் அது விபத்தாகும். பி99இல் ஊசியை இறக்கும் பொத்தான் ஒன்று மேற்புறத்தில் உண்டு; ஆகவே அதைக் கழற்ற விசையை இழுக்க வேண்டியதில்லை.

துறை எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் நீ ஏந்த வேண்டும்; எனினும் தேர்வு உன் கையில் வந்தால், கை சிறியதான உனக்கு பி99தான் ஏற்றது, முதல் இழுப்பையே நூறு முறைக்கு மேலாகப் பழக வேண்டும் என்ற நிபந்தனையோடு. எதை எடுத்தாலும், கழற்றுமுன் மெகசினை உருவி, குண்டறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்துவிடு, தம்பி.