இருதய மாத்திரையும் முதுமையின் தளர்ச்சியும்

லயத்து வாசலில் வெயில் காயும் தாத்தாவின் முழங்கையைப் பாருங்கள். எங்கும் இடித்துக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை. ஆனால் தோலுக்கடியில் நீலமாகக் கன்றியிருக்கிறது. "வயசாச்சில்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவர் இருதய நோய்க்கு மாத்திரை உண்பவரானால் அப்படி விட்டுவிடலாகாது.

மாரடைப்பு வந்தவர்களுக்கு அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவையும், உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு வார்பரினும் கொடுக்கிறார்கள். 'இரத்தத்தைக் கரைக்கும் மாத்திரை' என்பது நமது வழக்கு. உண்மையில் இரத்தம் கரைவதில்லை; உறைவது தடைப்படுகிறது. வார்பரின் வந்த வழி விசித்திரமானது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒரு தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் மடிந்தன. அதற்குக் காரணமான பொருளைத் தேடிப் போனதிலிருந்தே 1948இல் எலி மருந்தும், 1954இல் மனிதருக்கான மருந்தும் கிடைத்தன. ஆகவே அளவு மிக முக்கியம்.

அளவு ஒன்றாயினும் உடல் ஒன்றல்ல. ஐம்பதில் தாங்கிய மருந்தை எண்பதில், மெலிந்த உடலும் சோர்ந்த சிறுநீரகமும் தாங்குவதில்லை. வயதோடு தளர்ச்சியையும் பார்க்கவேண்டும். அமெரிக்க வைத்தியர் லிண்டா ஃபிரீட்டும் அவருடன் உழைத்தவர்களும் 2001இல் ஐந்து அடையாளங்களைக் குறித்தார்கள்: ஓராண்டில் காரணமின்றி நாலரைக் கிலோ குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மந்தமாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் அவர் தளர்ந்தவர். மலைநாட்டில் இதை அறியக் கருவி வேண்டாம். சென்ற கிறிஸ்மஸுக்குக் கோயில் படிகளை ஒரே மூச்சில் ஏறிய பாட்டி, இந்தப் பாஸ்காவுக்கு எத்தனை இடத்தில் நின்றார் என்று எண்ணுங்கள்.

புதிய மருந்துக்கு மாறினால் ஆபத்து நீங்கிவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2023இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், இருதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்த, 75 வயதைத் தொட்ட, தளர்ந்த முதியவர்களைச் சோதித்தார்கள். பழைய வகையிலேயே இருந்தவர்களைவிட, புதியதற்கு மாற்றப்பட்டவர்களுக்கே இரத்தக்கசிவு அதிகம் கண்டது.

வீட்டில் கவனிக்கவேண்டியவை உண்டு. கொழுந்தெடுத்துத் தேய்ந்த முழங்காலுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், இபுபுரூபன் முதலிய வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். இருதய மாத்திரையோடு சேர்ந்தால் அந்தப் புண் கசியும். இரண்டொரு நாள் வலிக்குப் பனடோல் மேல். தினமும் தேவைப்பட்டால் வைத்தியரைக் கேட்கவும். மலம் தார்போலக் கறுத்து நாறினால் காத்திருக்கவேண்டாம். (இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், அதையும் சொல்லுங்கள்.) வெற்றிலை போடும் பாட்டியின் எச்சில் எப்போதும் சிவப்பு; ஈறு கசிவதை அதில் காணமுடியாது. காலையில் வாய் கொப்பளித்ததும் பார்த்தால்தான் தெரியும்.

பனியில் வழுக்கும் படியில் விழுந்து தலை அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தலைவலியாக, தடுமாற்றமாக வெளிப்படும்.

இதையெல்லாம் படித்துப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வால்விலோ, இருதயக் குழாயில் வைத்த ஸ்டென்டிலோ இரத்தம் உறைந்தால் உயிருக்கே மோசம். குறைப்பதோ, வயிற்றைக் காக்கும் மாத்திரை சேர்ப்பதோ வைத்தியரின் வேலை. டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கிளினிக் செல்லும் நாளில், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பாட்டி எப்போது விழுந்தார், எவ்வளவு மெலிந்தார் என்பதைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பேரப்பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும். வைத்தியரின் முன்னால் பாட்டி "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் சொல்வார்.