பருவம் தெரியாத மாட்டுக்கு நாள் குறித்துச் சினை ஊசி

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி மாடு கன்று ஈன்று நான்கு மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை. ஹார்மோன் ஊசி போட்டு, நாள் குறித்துச் சினை ஊசி போடலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: நம்பலாம். ஆனால், முதலில் கால்நடை மருத்துவர் கருப்பையையும் சினைப்பையையும் பரிசோதிக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். ஏற்கெனவே சினையான மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி போட்டால் கரு கலைந்துவிடும்.

நாள் குறித்துச் சினை ஊசி போடும் 'ஓவ்சிங்க்' முறையில் முதலில் ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோன் ஊசி, 7 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், அதிலிருந்து 48 முதல் 56 மணி நேரத்தில் மீண்டும் ஜி.என்.ஆர்.ஹெச்.; அடுத்த 16 முதல் 20 மணி நேரத்துக்குள் சினை ஊசி. மாடு கத்தாவிட்டாலும், கண்ணாடி போன்ற வழும்பு தெரியாவிட்டாலும் குறித்த நேரம் தவறக் கூடாது. சினைப்பை இயங்காத மாட்டுக்கு இதோடு புரோஜெஸ்டிரோன் கருவியைப் பிறப்புறுப்புக்குள் 7 நாள் வைப்பார்கள்.

கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

மாடு எலும்பு தெரிய மெலிந்திருந்தால் ஊசி மட்டும் கைகொடுக்காது. பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்புக் கலவை கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள். சேலம், நாமக்கல் கோடை வெயிலில் சினை பிடிப்பது குறையும் என்பதால் நிழலும் தண்ணீரும் அவசியம். சினை ஊசி போட்ட 21-ஆம் நாளையொட்டி மறுபடி பருவம் வருகிறதா என்று கவனியுங்கள். மூன்றாம் மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.