எந்த அக்டோபர்?

மேட்டுப்பாளையம், புதுச்சேரி

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையும் வரைபடமும் கிடைத்தன. காரைக்கால் வேளாண் கல்லூரியில் இந்த வயதிலேயே மாத விலை அறிக்கை எழுதச் சொல்கிறார்கள் என்றால் நல்ல காரியம்தான். எண்களில் திருத்தம் கொஞ்சம்தான். எண்களுக்குக் கீழே நீ எழுதியிருக்கும் காரணங்களில்தான் பாதியை அடிக்க வேண்டியிருக்கிறது.

2023 அக்டோபரைவிட 2024 அக்டோபரில் ஆட்டு விலை கூடியதற்கு, மக்களிடம் இறைச்சிப் பழக்கம் பெருகியதைக் காரணமாகச் சொல்கிறாய். பெருகியிருக்கலாம், ஆனால் உன் கணக்கு அதைச் சொல்லவில்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. செஞ்சியிலும் வேப்பூரிலும் தீபாவளிக்கு முந்தின வாரச் சந்தையில் ஆடுகள் கைமாறுகிற வேகம் சாதாரண வாரங்களில் இருக்காது. அந்தச் சந்தை ஓர் ஆண்டு நவம்பர் கணக்கில் விழுந்தது, அடுத்த ஆண்டு அக்டோபர் கணக்கில் விழுந்தது. நீ ஒப்பிட்டது தீபாவளி இல்லாத மாதத்தையும் தீபாவளி உள்ள மாதத்தையும். சரி, 2024ஐ 2025உடன் ஒப்பிடலாமா என்றால் அங்கேயும் சிக்கல். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, அதாவது புரட்டாசி முடிந்த கையோடு வந்துவிட்டது. முந்தின வாரச் சந்தை நடந்ததே புரட்டாசிக்குள்.

அரசுக் கணக்கு ஆங்கில மாதத்தில் ஓடுகிறது, நம் ஊர் அடுப்பு தமிழ் மாதத்தில் எரிகிறது. புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிவதால், கறியும் முட்டையும் இறங்குகிற இறக்கம் இரண்டு மாதங்களுக்கும் பாதிப் பாதியாகப் பங்கு போய்விடும். சராசரியில் அது பள்ளமாகவே தெரியாது. கார்த்திகை, மார்கழி மாலை போடும் காலத்துக்கும் இதே கதிதான். பக்ரீத் இன்னொரு தினுசு: 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 என்று ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஆகவே அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்து ஒரே கட்டமாகப் போட்டு ஒப்பிடு. மே, ஜூனுக்கும் அப்படியே செய். வாரக் கணக்கு கிடைத்தால் பண்டிகையிலிருந்து எத்தனையாவது வாரம் என்று வரிசைப்படுத்து, அதுதான் இன்னும் நல்லது.

அடுத்தது கோழி. விலை ஏறினால் உற்பத்தி கூடும் என்று உன் பாடப் புத்தகம் சொல்லும். எப்போது கூடும் என்பதைக் கோழிதான் முடிவுசெய்யும். கறிக்கோழிக் குஞ்சைப் பண்ணையில் விட்டால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். முட்டைக் கோழி முதல் முட்டை வைக்கவே ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும், அதன்பின் ஓராண்டுக்குக் குறையாமல் இடும். வெள்ளாட்டுக்குச் சினைக் காலமே ஐந்து மாதம். கன்று வளர்ந்து பால் கறப்பதற்குள் மூன்று ஆண்டு ஓடிவிடும். இந்த மாதம் சந்தைக்கு வரும் பிராணி, என்றோ ஒரு மாதத்து விலையைப் பார்த்து ஒருவர் எடுத்த முடிவு. அந்த மாதம் எது என்று தேடாமல் இந்த மாத விலைக்குக் காரணம் எழுதாதே.

2020இல் நடந்ததைப் பார். கோழி தின்றால் கொரோனா வரும் என்று பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தி, மார்ச்சில் கறிக்கோழி விலையை அடிமட்டத்துக்குத் தள்ளியது. தீவனச் செலவுகூடத் தேறாத விலை. நாமக்கல்லில் முட்டையும் 2 ரூபாயையொட்டி வந்து நின்றது. பண்ணைகளில் புதிதாகக் குஞ்சு விடுவதை நிறுத்தினார்கள். ஊரடங்கு நடுவே ஜனம் மறுபடி கோழி வாங்கத் தொடங்கியபோது வெட்ட வேண்டிய வயதில் கோழி இல்லை. மே மாதம் கடையில் விலை கேட்டவர்கள் மலைத்துப் போனார்கள். மே மாதக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் தேவை பெருகியது என்றுதான் எழுதத் தோன்றும். மார்ச்சில் விடாத குஞ்சுதான் மே மாத விலை. ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் 1928இல் பன்றி விலையை ஆராய்ந்து இந்த ஆட்டத்தைத்தான் காட்டினார்: நல்ல விலையைப் பார்த்து எல்லாரும் வளர்க்க, அவை விற்கும் பருவம் வரும்போது விலை விழுகிறது. விழுந்த விலையைப் பார்த்து எல்லாரும் விட்டுவிட, மறுபடி ஏறுகிறது. கறிக்கோழியைவிட முட்டைக் கோழியில் இந்தச் சுற்று நீளம். அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலில் கோடிக்கணக்கில் கோழிகளை அழித்த பிறகு, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரிச் சில்லறை விலை 6.23 டாலர். அந்த மாதமே மொத்த விலை இறங்கத் தொடங்கிவிட்டது, ஆனால் சில்லறைச் சராசரிக்கு அது உடனே எட்டவில்லை.

முட்டை விலைக்கு நீ எடுத்திருப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்.இ.சி.சி., நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை. 1982இல் பி. வி. ராவ் முன்னின்று தொடங்கிய அமைப்பு அது. அதற்குமுன் வியாபாரி சொன்னதே விலையாக இருந்ததால் பண்ணையாளர்கள் கூடித் தாங்களே விலை சொல்ல வந்தார்கள். ஆனால் அறிவித்த விலை அப்படியே கைக்கு வரும் என்று நினைக்காதே. வரத்து மிஞ்சும் நாளில் அறிவிப்பிலிருந்து இத்தனை பைசா மைனஸ் என்று பேசித்தான் லாரியில் ஏற்றுவார்கள். அறிவிப்பு அசையாமல் நிற்க, மைனஸ் மட்டும் கூடிக்கொண்டே போகும் வாரங்கள் உண்டு. உன் வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் இடம் பண்ணையாளருக்குச் சரிவாக இருந்திருக்கலாம். மைனஸ் கணக்கு கிடைக்காவிட்டால், கழிவுக் கோழி விலையைப் பக்கத்துக் கட்டத்தில் போடு. முட்டை கட்டுப்படியாகாதபோது வயதான கோழிகளை முன்கூட்டியே விற்றுவிடுவார்கள், அந்த விலை இறங்கும்.

தீவனத்தையும் ஒரு கை கணக்குப் பார்த்துவிடு. ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் தீனி 3 ரூபாய் 30 காசு. நூறு கோழியில் தொண்ணூறு இட்டால் முட்டைக்குத் தீவனம் மட்டும் 3 ரூபாய் 67 காசு. மக்காச்சோளமோ சோயாப் புண்ணாக்கோ ஏறித் தீவனம் கிலோவுக்கு 3 ரூபாய் கூடினால் முட்டைக்கு 37 காசு. இதைக் கையில் வைத்துக்கொண்டு விலை ஏற்றத்தைப் பார்த்தால், அதில் எத்தனை காசு லாபம், எத்தனை காசு மக்காச்சோளம் என்று பிரித்துச் சொல்ல முடியும். நாளிதழ்களின் 'கிடுகிடு உயர்வு'க்கு இந்தப் பொறுமை கிடையாது.

இனி தட்டாஞ்சாவடி கமிட்டிக்கு வருவோம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று நீ முழுப் பெயரில் எழுது, விவசாயிகளுக்கு அது கமிட்டிதான். அங்கே காலையில் போய் நின்று பார்த்தால், விலை எப்படி உண்டாகிறது என்பது எந்த அட்டவணையையும்விட நன்றாக விளங்கும். வியாபாரி நெற்குவியலில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உமியை ஊதித் தள்ளிவிட்டு, நாலு அரிசியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று ஒடிந்தால் ஒரு விலை, மாவாக நசுங்கினால் வேறு விலை. ஒரே நாள், ஒரே ரகம், பக்கத்துப் பக்கத்துக் குவியல், ஆனாலும் விலை வேறு. நசுங்குகிற நெல்லில் ஈரம் இருக்கிறது. 22 சதவீத ஈரத்தோடு வந்த 75 கிலோ மூட்டையை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் 68 கிலோதான் மிஞ்சும். அந்த 7 கிலோவை வியாபாரி முன்கூட்டியே விலையில் கழித்துக்கொள்கிறார். தை மாத அறுவடையில் மழை விழுந்து விலை இறங்கினால், அதைச் சந்தைச் சரிவு என்று எழுதுமுன் ஈரத்தைப் பார். அரசுக் கொள்முதலுக்கும் 17 சதவீதம்தான் வரம்பு.

மூட்டைக் கணக்கிலும் கவனம் வேண்டும். நம் பக்கம் நெல் 75 கிலோ மூட்டை, மணிலா, அதாவது நிலக்கடலை, 80 கிலோ மூட்டை, உளுந்து 100 கிலோ. அரசு அறிவிப்பு குவிண்டாலில் வரும். 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், அதாவது நம் மூட்டைக்கு 1,776 ரூபாய் 75 காசு. மாற்றாமல் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் விவசாயி கொள்ளை நஷ்டத்தில் இருப்பதாகத் தெரியும்.

உன் மாதச் சராசரியில் நான் சிவப்பு மையால் சுழித்திருக்கும் இடத்தைப் பார். நாலு வார விலையைக் கூட்டி நாலால் வகுத்திருக்கிறாய். அறுவடை மும்முரத்தில் ஒரு வாரம் 1,000 மூட்டை வருகிறது, விலை 1,200. ஓய்ந்த வாரம் 100 மூட்டை, விலை 1,600 என்று வைத்துக்கொள். உன் முறையில் சராசரி 1,400. ஆனால் மொத்தப் பணத்தை மொத்த மூட்டையால் வகுத்தால் 1,236தான். விவசாயி கையில் விழுந்தது இரண்டாவது தொகை. பெரும்பாலானோர் விலை குறைந்த வாரத்தில்தான் விற்கிறார்கள், கடனும் வட்டியும் அவர்களைக் காத்திருக்க விடுவதில்லை. வரத்து இல்லாமல் விலையை மட்டும் போடும் அறிக்கை எனக்குப் பாதி அறிக்கைதான்.

இன்னொன்று, பார்த்ததும் சிரித்துவிட்டேன். 'மேட்டுப்பாளையம் மண்டி' என்று உருளைக்கிழங்கு விலையைப் போட்டிருக்கிறாயே, அது கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம். நீலகிரிக் காய்கறி இறங்குகிற இடம் அது. நம் மேட்டுப்பாளையத்தில் இருப்பது தொழிற்பேட்டையும் லாரி முனையமும். இங்கே உருளைக்கிழங்கு லாரி வந்து நிற்குமே தவிர விலை உண்டாகாது. விலைப் பட்டியலில் ஊர்ப் பெயரோடு மாவட்டப் பெயரையும் சேர்த்துப் படி.

உற்பத்திக் கட்டங்களில் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் போட்டிருப்பது ஆகவே ஆகாது. நெல் மாதாமாதம் விளைவதில்லை. நம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை, உங்கள் காரைக்கால் பக்கம் குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்துக்குப் பருவம் களத்துக்கு வருவது. பரப்பு, பசலி ஆண்டு அடங்கல் பதிவேட்டிலிருந்து வரும். பசலி ஜூலை 1இல் தொடங்கும், 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. விளைச்சல், பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வரும். குலுக்கலில் வந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே உள்ளதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அது 25 சதுர மீட்டர், ஹெக்டேருக்கு 400 மடங்கு. கயிற்றோரத்துத் தூர்களைத் தயவு பார்த்து உள்ளே சேர்த்து 100 கிராம் கூடினால் ஹெக்டேருக்கு 40 கிலோ கூடிவிடும். சின்னக் கட்டத்தில் இந்த ஓரத் தவறு பெரிதாகிறது என்பதை 1940களில் புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே சுட்டிக்காட்டினார். மகலனோபிஸ் சின்னக் கட்டங்களை விரும்பியவர், இருவருக்கும் இதில் பெரிய வாதமே நடந்தது. எனக்குச் சுகாத்மே பக்கம்தான் சாய்வு. வெயிலில் குனிந்து நிற்பவன் எந்தத் தூரை உள்ளே தள்ளுவான், எதை வெளியே விடுவான் என்பதைக் கணித மேசையிலிருந்து கட்டுப்படுத்த முடியாது.

பால், முட்டை, இறைச்சி உற்பத்தியும் மாதக் கணக்கல்ல. கால்நடைத் துறையின் மாதிரிக் கணக்கெடுப்பு, கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவமாக நடப்பது. பால் விலையும் அரசு உத்தரவில் அசைவதால் மாதாமாதம் நேர்கோடாகத்தான் கிடக்கும். கோடையில் மாடு கறக்கும் லிட்டர் குறைவதையும், சங்கத்தில் அளக்கிற கொழுப்பு ஏறி இறங்குவதையும் பார், அசைவு அங்கேதான் இருக்கிறது.

தக்காளிக்கு ஒரே ஒரு திருத்தம். 2023 ஜூலையில் நாடு முழுக்கத் தக்காளி சதமடித்து அதற்கு மேலும் போன மாதம், நுகர்வோர் விலைக் குறியீட்டில் காய்கறி முந்தின ஆண்டைவிட 37.34 சதவீதம் ஏறியது. 2024 ஜூலையில் ஏற்றம் 6.83 சதவீதம். இதைப் பார்த்துக் 'காய்கறி விலை தணிந்தது' என்கிறாய். 2022இல் 100 ரூபாய்க்கு வாங்கிய காய் 2023இல் 137, 2024இல் 147. தணிந்தது ஏற்றத்தின் வேகம், விலை அல்ல.

கடைசியாக வெற்றுக் கட்டங்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு நம் பக்கத்தில் கரை கடந்து ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதே, அப்படியொரு வாரத்துக்கு வரத்துக் கட்டத்தில் என்ன எழுதுவாய்? கமிட்டி திறந்திருந்து மூட்டை வராவிட்டால் 0. கமிட்டியே திறக்காவிட்டால் கோடு. விலைக் கட்டத்தில் இரண்டுக்கும் கோடுதான். முந்தின வார விலையை இழுத்து நிரப்பாதே. பின்னால் படிப்பவர் அந்த வாரமும் வியாபாரம் நடந்ததாக நம்பிவிடுவார்.

திருத்திய அட்டவணையை இந்த வாரத்துக்குள் அனுப்பு. செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போகிறேன். கறவை மாட்டு விலை ஏதாவது விட்டுப்போயிருந்தால் திங்கள் இரவுக்குள் சொல், ஈத்துக் கணக்கோடு கேட்டு எழுதி வருகிறேன்.

அன்புடன்,
மாமா