பள்ளியைப் பிடித்துக்கொண்ட ஒரு பிரபுக் குடும்பம்

ஐரோப்பிய தேசியவாதம் நடத்தும்போது போலந்து ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அண்டை வல்லரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டன; 1795 முதல் 1918 வரை சுதந்திரப் போலந்து இல்லை. 'அவ்வளவு காலம் அந்த மக்கள் தம் மொழியை எப்படிக் காப்பாற்றினார்கள்?' என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வோம்? சார்டோரிஸ்கி குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்கலாம்.

லித்துவேனியாவின் கெதிமினாஸ் அரச மரபில் வந்தது இக்குடும்பம். பெயர் தந்த சார்டோரிஸ்க் ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. இன்றைய எல்லைக்கோடுகளைக் கொண்டு பழங்காலத்தைப் படிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். 1731இல் நடந்த ஒரு திருமணத்தால் பெருஞ்செல்வம் சேர்ந்தது. 1764இல் இவ்வீட்டுப் பெண்ணின் மகனே போலந்தின் அரசரானார்.

நமக்கு முக்கியமான ஆண்டு 1773. இயேசு சபையைப் போப் கலைத்ததும் அதன் பள்ளிகளையும் சொத்துகளையும் கொண்டு தேசியக் கல்வி ஆணையம் அமைந்தது. ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் என்றே இதைச் சொல்வதுண்டு. லத்தீன் கோலோச்சிய வகுப்பறைக்குள் போலந்து மொழி வந்தது. ஆணைய உறுப்பினர்களில் ஒருவர் ஆடம் காசிமியெர்ஸ் சார்டோரிஸ்கி.

1794 கிளர்ச்சிக்குப் பின் புவாவியில் இருந்த அவரது மாளிகை சூறையாடப்பட்டது. மகன்கள் இருவரும் பிணையாகப் பீட்டர்ஸ்பர்க் சென்றனர். மூத்தவர் ஆடம் யெர்சி அங்கே இளவரசர் அலெக்சாண்டரின் நண்பரானார். பின்னர் ரஷ்யாவின் வெளியுறவு அமைச்சருமானார். 1803 முதல் இருபது ஆண்டுகள் வில்னா கல்வி வட்டாரம் அவர் பொறுப்பில் இருந்தது. ரஷ்ய ஆட்சியின் கீழேயே அங்குப் போலந்து மொழியில் கல்வி நடந்தது. கவிஞர் மிட்ஸ்கியெவிச் வில்னா பல்கலைக்கழக மாணவர்தான். தாயார் இசபெலா 1801இல் புவாவியில் அருங்காட்சியகம் திறந்தார். கிராமத்தாருக்காக நாட்டு வரலாற்றைக் கதைபோல எழுதினார்.

ஆனால் அந்தக் கிராமத்தார் யார்? பிரபுக்களின் நிலத்தில் கட்டாய உழைப்புச் செய்த பண்ணையடிமைகள். மாளிகையும் நூலகமும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. இதை விட்டுவிட்டுக் கொடையை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது, புகழ்மாலையாகிவிடும்.

1830-31 எழுச்சியில் தேசிய அரசுக்குத் தலைமை ஏற்ற ஆடம் யெர்சி, அது தோற்றதும் பாரிசில் அடைக்கலமானார். குடும்பச் சேகரிப்பும் அங்கே போய், பின்னர் கிராகோவ் வந்து சேர்ந்தது. அதில் அவர் இத்தாலியில் வாங்கிய லியனார்டோ டாவின்சியின் ஓவியமும் உண்டு. 1939இல் நாஜிகள் அள்ளிச் சென்றவற்றில் அது 1946இல் திரும்பியது. ரஃபேல் தீட்டிய இளைஞனின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை.